பிறபொருளெதிரி இருந்தால் மட்டும் போதுமா? மலேரியாப் பாதுகாப்பை விலங்குகளில் சோதிக்கும் விதம்

கொவிட் வந்து போன பிறகு "அன்டிபொடி" (பிறபொருளெதிரி, அதாவது நோய்க்கிருமியைப் பற்றிக்கொள்ள உடல் உருவாக்கும் புரதம்) என்ற சொல்லைக் கேள்விப்படாதவர் திருகோணமலையில் இருக்க மாட்டார். தடுப்பூசி போட்டால் உடலில் பிறபொருளெதிரி உருவாகும், உருவானால் நோய் அண்டாது என்பது இப்போது தேநீர்க் கடையிலும் கேட்கக்கூடிய விளக்கம். அதில் பாதி சரி. மலேரியாவுக்கு வந்தால் அந்தப் பாதியும் ஆட்டம் காணும். மலேரியா ஒட்டுண்ணியைப் பற்றிக்கொள்ளும் பிறபொருளெதிரிகள் ஒருவருடைய இரத்தத்தில் தாராளமாக இருக்கலாம். அப்படியிருந்தும் அவருக்குக் காய்ச்சல் வரலாம். ஆய்வுகூடத் தட்டில் இறுக ஒட்டிய பிறபொருளெதிரி, உயிருள்ள உடலுக்குள் போனதும் எதையும் தடுக்காமல் போவது இந்தத் துறையில் புதிய செய்தி அல்ல.

அதனால்தான் புதிதாக ஒரு பிறபொருளெதிரியைக் கண்டுபிடித்தவர்கள் அது ஒட்டுகிறதா என்று பார்த்ததோடு நிறுத்துவதில்லை. அதை ஒரு விலங்குக்கு ஏற்றி, அந்த விலங்குக்கு வேண்டுமென்றே மலேரியாவைக் கொடுத்து, தொற்று வருகிறதா என்று பார்க்கிறார்கள். கேட்க எளிதாக இருக்கிறது. ஆனால் எந்த விலங்கு, எந்த ஒட்டுண்ணி, எந்த வழியால் கொடுத்தது, எப்போது பார்த்தது என்பதைப் பொறுத்து விடை தலைகீழாக மாறிவிடும். "எலிகளில் மலேரியாவைத் தடுத்த மருந்து" என்று செய்தி வரும்போது பத்திரிகைகள் விட்டுவிடுவது பெரும்பாலும் இந்த விவரங்களைத்தான்.

ஒட்டுண்ணியை எங்கே பிடிக்கலாம்?

மலேரியா ஒட்டுண்ணிக்கு உடலுக்குள் நீண்ட பயணம் உண்டு. பெண் அனோபிலிஸ் நுளம்பு கடிக்கும்போது அதன் உமிழ்நீரோடு ஸ்போரோசொயிட் என்ற நிலையிலுள்ள ஒட்டுண்ணிகள் தோலுக்குள் இறங்குகின்றன. ஒரு கடியில் இறங்குபவை பெரும்பாலும் பத்துக் கணக்கில்தான், சிலவேளை நூற்றுக் கணக்கில். அவை தோலுக்குள் ஊர்ந்து திரிந்து ஒரு நுண்ணிய இரத்தக் குழாயைத் தேடிப் பிடிக்கின்றன. இரத்தத்துக்குள் நுழைந்துவிட்டால் சில நிமிடங்களில் ஈரல். ஈரல் கலத்துக்குள் புகுந்த ஒட்டுண்ணியைப் பிறபொருளெதிரியால் தொட முடியாது. அங்கே அது அமைதியாகப் பெருகும். நோயாளிக்கு எதுவும் தெரியாது. கொடிய வகையான பல்சிபாரம் ஏறத்தாழ ஒரு வாரம் ஈரலில் தங்கிவிட்டு, ஒவ்வொரு ஸ்போரோசொயிட்டிலிருந்தும் பல்லாயிரம் புதிய ஒட்டுண்ணிகளாக வெளியே கொட்டுகிறது. அவை செங்குழியங்களுக்குள் புகுந்து, பெருகி, கலத்தை வெடித்து வெளியேறி, அடுத்த கலத்தைத் தேடுகின்றன. குளிரும் நடுக்கமும் காய்ச்சலும் இந்தக் கட்டத்தில்தான்.

பிறபொருளெதிரி வேலை செய்யக்கூடிய இடங்கள் ஆக, கொஞ்சம்தான். கடித்த இடத்துக்கும் ஈரலுக்கும் இடையிலான வழி ஒன்று. ஒரு செங்குழியத்தை விட்டு இன்னொன்றுக்குப் போகும் மிகக் குறுகிய நேரம் இன்னொன்று. மூன்றாவது இடம் நம் உடலுக்கு வெளியே: நோயாளியின் இரத்தத்தைக் குடித்த நுளம்பின் வயிறு. இரத்தத்தோடு போகும் பிறபொருளெதிரி அங்கேயும் ஒட்டுண்ணியின் இனப்பெருக்கத்தைக் குழப்பலாம். எந்த இடத்தைக் குறிவைக்கிறோம் என்பதைப் பொறுத்துத்தான் விலங்குச் சோதனையும் அமைகிறது.

பிறபொருளெதிரி உண்மையில் காப்பாற்றுகிறது என்று எப்படித் தெரியும்?

இதற்கான முதல் தடயம் நம் நாட்டு வரலாற்றிலேயே இருக்கிறது. 1934-35இல் இலங்கையைத் தாக்கிய மலேரியாக் கொள்ளைநோயில் சுமார் 80,000 பேர் இறந்தார்கள். மழை பொய்த்து ஆறுகள் வற்றி, ஆற்றுப் படுகைகளில் தேங்கிய குட்டைகளில் நுளம்பு பெருகியதுதான் காரணம். வியப்பு என்னவென்றால், அந்த ஆண்டில் மிக மோசமாக அடிபட்டவை மலேரியா குறைவாக இருந்த குருநாகல், கேகாலைப் பக்கத்து ஊர்கள். திருகோணமலை உட்பட்ட உலர் வலயத்தில் மலேரியா ஆண்டுதோறும் இருந்த நோய். இங்குள்ளவர்கள் சிறு வயது முதல் திரும்பத் திரும்பத் தொற்றுக்கு ஆளாகி, உயிர் பிழைத்தவர்கள் ஒருவகை எதிர்ப்புச் சக்தியோடு வளர்ந்தார்கள். கந்தளாயிலும் மூதூரிலும் நுளம்பைக் கொல்லும் மலத்தியன் தெளிக்க வந்தவர்களையும் அந்த மணத்தையும் நினைவு வைத்திருக்கும் தலைமுறைக்கு, குளிர்காய்ச்சல் என்பது அவ்வளவு பழகிய சொல். (அந்த எதிர்ப்புச் சக்தி நிரந்தரமல்ல. தொற்று நின்றுவிட்டால் அதுவும் தேய்ந்துவிடும். 2012 ஒக்டோபருக்குப் பிறகு உள்ளூரில் தொடர்ந்து பரவிய மலேரியா இல்லை. 2016 செப்டெம்பரில் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடாகச் சான்றளித்தது. இப்போது நம் பிள்ளைகளின் உடலில் அந்தப் பழைய பாதுகாப்பு கிடையாது.)

சரி, அந்தப் பாதுகாப்பு எங்கே இருந்தது? இரத்தத்திலுள்ள பிறபொருளெதிரிகளிலா, வேறு எதிலாவதா? 1961இல் கோஹன், மக்கிரெகர், கெரிங்டன் ஆகியோர் இதற்கு நேரடியாக விடை தேடினார்கள். மேற்கு ஆபிரிக்காவில் காம்பியா நாட்டின் வளர்ந்தவர்களுடைய இரத்தத்திலிருந்து பிறபொருளெதிரிகள் அடங்கிய பகுதியைப் பிரித்தெடுத்து, மலேரியா பிடித்த குழந்தைகளுக்கு ஏற்றினார்கள். அடுத்த சில நாட்களில் குழந்தைகளின் இரத்தத்தில் ஒட்டுண்ணிகள் வேகமாகக் குறைந்தன. உயிருள்ள கலங்கள் எதையும் மாற்றவில்லை, பிறபொருளெதிரியை மட்டும்தான் மாற்றினார்கள். அதனால் பாதுகாப்புக்கு அதுவே காரணம் என்று உறுதியாகச் சொல்ல முடிந்தது.

ஒருவரிடம் உருவான பிறபொருளெதிரியை இன்னொருவருக்கு ஏற்றிப் பார்க்கும் இந்த முறைதான் இன்றைய விலங்குச் சோதனைகளின் அடித்தளம். தடுப்பூசி போட்டு விலங்கைக் காத்துக்கொண்டால், காத்தது பிறபொருளெதிரியா வேறு நோயெதிர்ப்புக் கலங்களா என்று பிரிக்க முடியாது. நோயையே கண்டிராத ஒரு சுண்டெலிக்கு வெளியிலிருந்து பிறபொருளெதிரியை மட்டும் கொடுத்து, அது தப்பினால், தப்ப வைத்தது எது என்பதில் குழப்பம் இல்லை.

சுண்டெலிக்கு மனித மலேரியா வராதே?

வராது. பல்சிபாரம் சாதாரணச் சுண்டெலியின் ஈரலிலும் வளராது, இரத்தத்திலும் வளராது. நல்ல வேளையாக, எலிகளுக்கென்றே மலேரியா ஒட்டுண்ணிகள் உண்டு. 1948இல் கொங்கோவின் கட்டாங்காப் பகுதியில் காட்டெலிகளிடம் பிளாஸ்மோடியம் பேர்கை என்ற ஒட்டுண்ணி கண்டுபிடிக்கப்பட்டது. அது ஆய்வுகூடச் சுண்டெலிகளிலும் நன்றாக வளர்ந்தது. அன்றிலிருந்து மலேரியா ஆய்வில் பெரும்பகுதி இந்த ஒட்டுண்ணியின் முதுகில்தான் ஏறி வந்திருக்கிறது.

1967இல் ரூத் நூசென்ஸ்வைக்கும் உடன் ஆய்வாளர்களும் பேர்கை ஸ்போரோசொயிட்டுகளைக் கதிர்வீச்சால் பலவீனப்படுத்திச் சுண்டெலிகளுக்கு ஏற்றினார்கள். பின்னர் உயிரோட்டமுள்ள ஸ்போரோசொயிட்டுகளைக் கொடுத்தபோது பல சுண்டெலிகள் தப்பின. அந்தச் சுண்டெலிகளின் பிறபொருளெதிரிகள் எதைப் பிடிக்கின்றன என்று தேடிப் போனபோது ஸ்போரோசொயிட்டின் மேற்பரப்பு முழுவதையும் மூடியிருக்கும் ஒரு புரதம் அகப்பட்டது. 1980இல் அந்தப் புரதத்தைப் பிடிக்கும் ஒரே வகைப் பிறபொருளெதிரியைத் தனியாக உற்பத்தி செய்து சுண்டெலிகளுக்கு ஏற்றிப் பார்த்தார்கள், அது காத்தது. பல்சிபாரத்தில் உள்ள அதே புரதத்தில் நான்கு அமினோ அமிலங்கள் கொண்ட ஒரு துண்டு திரும்பத் திரும்ப வருகிறது. ஆர்டிஎஸ்,எஸ் தடுப்பூசியும் (2021இல் உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்தது) ஆர்21 தடுப்பூசியும் (2023) அந்தத் துண்டைத்தான் மையமாகக் கொண்டவை.

ஆனால் ஒரு சிக்கல் மிச்சமிருந்தது. மனித நோய்க்கான பிறபொருளெதிரி பல்சிபாரத்தின் புரதத்தைப் பிடிக்கும். பேர்கையின் புரதத்தைக் கண்டுகொள்ளாது. அப்படியானால் அதைச் சுண்டெலியில் எப்படிச் சோதிப்பது? இதற்கு ஆய்வாளர்கள் கண்ட வழி எனக்கு மிகவும் பிடித்தது. பேர்கை ஒட்டுண்ணியிலிருந்து அந்தப் புரதத்துக்கான மரபணுவை வெட்டி எடுத்துவிட்டு, அதே இடத்தில் பல்சிபாரத்தின் மரபணுவைப் பொருத்தினார்கள். உள்ளே எலி மலேரியா, மேலாடை மட்டும் மனித மலேரியாவுடையது. சுண்டெலியின் ஈரலில் அது வளரும். மனிதப் பிறபொருளெதிரி அதன் மேற்பரப்பைப் பிடிக்கும். இதோடு மின்மினிப் பூச்சியின் ஒளிரும் நொதியத்துக்கான மரபணுவையும் சேர்த்துவிட்டால், ஒட்டுண்ணி இருக்கும் இடமே வெளிச்சம் காட்டும்.

ஒரு சோதனை நடக்கும் விதம்

முதலில் நுளம்பு வேண்டும். ஆய்வுகூடங்கள் அதிகம் வளர்ப்பது அனோபிலிஸ் ஸ்டெபன்சி என்ற இனத்தை. 2016 இறுதியில் மன்னாரில் கண்டுபிடிக்கப்பட்டு நம் சுகாதாரத் துறையைத் திடுக்கிட வைத்ததும் இதே நுளம்புதான். தொற்றுள்ள சுண்டெலியின் இரத்தத்தைக் குடித்த நுளம்பின் உமிழ்நீர்ச் சுரப்பிக்கு ஸ்போரோசொயிட் வந்து சேர ஏறத்தாழ மூன்று வாரம் எடுக்கும். இந்தக் காலம் முழுவதும் நுளம்பை 20 பாகை அளவில் குளிராக வைத்திருக்க வேண்டும். பேர்கை குளிரான மலைக்காட்டில் பிறந்த ஒட்டுண்ணி; வைகாசி மாதத்து உப்புவெளி வெக்கையில் வைத்தால் நுளம்புக்குள்ளேயே அழிந்துபோகும்.

அடுத்தது பிறபொருளெதிரி. 20 கிராம் எடையுள்ள ஒரு சுண்டெலிக்கு 100 மைக்ரோகிராம் கொடுப்பதாக வைத்துக்கொள்வோம். அது கிலோவுக்கு 5 மில்லிகிராம். அதே விகிதத்தில் 50 கிலோ எடையுள்ள ஒருவருக்கு 250 மில்லிகிராம் வேண்டும். ஒரே அளவைக் கொடுத்துப் பார்த்துவிட்டு முடிவு சொல்வது நல்ல ஆய்வாகாது. அளவை மும்மடங்கு, மும்மடங்காகக் குறைத்துக்கொண்டே போய், எந்த அளவில் பாதுகாப்பு நழுவுகிறது என்று பார்ப்பார்கள். அளவு மிக அதிகமானால் சுமாரான பிறபொருளெதிரியும் காத்துவிடும். அப்போது நல்லதையும் மிக நல்லதையும் வேறுபடுத்த முடியாது. தொற்றைக் கொடுக்கும் நேரத்தில் சுண்டெலியின் இரத்தத்தில் உண்மையில் எவ்வளவு இருக்கிறது என்றும் ஒரு துளி எடுத்து அளப்பார்கள்.

ஒரு குழுவில் ஐந்து முதல் பத்துச் சுண்டெலிகள் வரை இருக்கும். ஒரு குழுவுக்குச் சோதிக்க வேண்டிய பிறபொருளெதிரி. இன்னொரு குழுவுக்கு அதே வகையான, ஆனால் மலேரியாவோடு எந்தத் தொடர்பும் இல்லாத வேறொரு நோய்க்கான பிறபொருளெதிரி. மூன்றாவது குழுவுக்கு எதுவுமே கிடையாது. வெளியில் இருந்து பார்ப்பவருக்கு இந்த இரண்டாவது, மூன்றாவது குழுக்கள் வீண் செலவாகத் தோன்றும். உண்மையில் சோதனையின் உயிரே அவற்றில்தான். எதுவும் கொடுக்கப்படாத சுண்டெலிகளில் பாதிக்குத் தொற்று வரவில்லை என்றால், அன்று எடுத்த ஸ்போரோசொயிட்டுகள் பலவீனமானவை என்று அர்த்தம். அன்றைக்குப் பிறபொருளெதிரி கொடுத்த குழுவில் ஒன்றுக்கும் நோய் வராவிட்டாலும் அதை வெற்றி என்று சொல்ல முடியாது. முழுச் சோதனையையும் ஒதுக்கிவிட்டுத் திரும்பச் செய்ய வேண்டியதுதான். எந்தச் சுண்டெலிக்கு எது கொடுக்கப்பட்டது என்பது முடிவைப் பார்ப்பவருக்குத் தெரியாமல் இருப்பதும் முக்கியம். நுணுக்குக்காட்டியில் ஒரேயொரு சந்தேகமான புள்ளியைக் கண்டவர், அதை ஒட்டுண்ணி என்பாரா சாய அழுக்கு என்பாரா என்பதில் மனச்சாய்வு எளிதில் புகுந்துவிடும்.

தொற்றைக் கொடுக்க இரண்டு வழி. நுளம்பின் உமிழ்நீர்ச் சுரப்பிகளைப் பிரித்தெடுத்து நசுக்கி, ஸ்போரோசொயிட்டுகளை எண்ணி, உதாரணமாக 2,000ஐ எடுத்து, வால் நாளத்தில் ஊசியால் ஏற்றலாம். எல்லாச் சுண்டெலிக்கும் ஒரே அளவு போகும், ஒப்பிடுவது சுலபம். மற்றது, தொற்றுள்ள நுளம்புகள் ஐந்தைச் சுண்டெலியின் மீது கடிக்க விடுவது. எத்தனை ஸ்போரோசொயிட் இறங்கியது என்று யாருக்கும் தெரியாது. ஆனால் இயற்கையில் நடப்பது இதுதான்.

இந்த இரண்டில் எதைத் தேர்ந்தார்கள் என்பதைக் கட்டாயம் கவனியுங்கள். ஸ்போரோசொயிட் தோலுக்குள் ஊர்ந்து திரியும்போது பிறபொருளெதிரி அதன் மேற்பரப்பில் ஒட்டி, அசைய விடாமல் செய்கிறது. அசையாத ஸ்போரோசொயிட் இரத்தக் குழாயைக் கண்டுபிடிக்காது. தோல்தான் பிறபொருளெதிரிக்கு நல்ல வேட்டைக்களம். ஊசியால் நேரே இரத்தத்தில் ஏற்றினால் அந்தக் கட்டமே இல்லாமல் போகிறது. சில நிமிடங்களுக்குள் ஈரலில் போய்ச் சேரும் ஒட்டுண்ணியை மடக்க வேண்டும். ஆகவே ஊசிச் சோதனையில் தோற்ற ஒரு பிறபொருளெதிரி நுளம்புக் கடியில் வெல்லலாம். இரண்டு ஆய்வுகளின் முடிவுகள் முரண்படுவதாகத் தோன்றினால், முதலில் பார்க்க வேண்டியது தொற்றைக் கொடுத்த வழியைத்தான்.

தொண்ணூறு சதவீதம் என்றால் என்ன?

முடிவைப் பார்க்கவும் இரண்டு முறைகள். தொற்றைக் கொடுத்து 40 மணித்தியாலம் கழிந்ததும் சுண்டெலியை மயக்கி, ஒளிரும் நொதியத்துக்கான பொருளை ஏற்றி, இருட்டறைக் கமராவின் கீழ் வைத்தால், ஈரலில் ஒட்டுண்ணி இருக்கும் அளவுக்கு ஒளி வரும். பேர்கை ஈரலில் இரண்டே நாள்தான் தங்கும் என்பதால் அந்த நேரம்தான் ஈரல் நிறைந்திருக்கும் நேரம். ஒளி தொண்ணூறு சதவீதம் குறைந்தது என்றால் பத்தில் ஒன்பது பங்கு ஒட்டுண்ணி ஈரலுக்குப் போய்ச் சேரவில்லை. படம் பார்க்கவும் கண்ணுக்கு நன்றாக இருக்கும்: கட்டுப்பாட்டுக் குழுவின் (மலேரியாவுக்கான பிறபொருளெதிரி பெறாத சுண்டெலிகளின்) வயிற்றில் சிவப்பும் மஞ்சளும், காக்கப்பட்ட குழுவில் வெறும் கறுப்பு.

இங்கேதான் நாம் ஏமாறுவோம். கொட்டியாரக் குடாவில் வலை போட்டு நூறு மீனில் தொண்ணூறைப் பிடித்த மீனவர் சந்தோஷமாக வீடு திரும்பலாம். தப்பிய பத்து மீனால் அவருக்கு நட்டம் இல்லை. ஸ்போரோசொயிட் விடயத்தில் ஒன்றே ஒன்று தப்பினாலும் போதும், அது ஈரலில் ஆயிரக்கணக்காகப் பெருகி இரத்தத்துக்குள் கொட்டும். சுண்டெலிக்கு மலேரியா வந்துவிடும். 2,000 ஸ்போரோசொயிட்டில் தொண்ணூறு சதவீதத்தைத் தடுத்தால் மிச்சம் 200.

அதனால் இரண்டாவது முறை: தொற்றைக் கொடுத்த நான்காம் நாளிலிருந்து பத்தாம் நாள் அளவு வரை, வாலில் இருந்து ஒரு துளி இரத்தத்தை எடுத்து, கண்ணாடித் தகட்டில் தேய்த்து, ஜீம்சா சாயம் ஏற்றி, நுணுக்குக்காட்டியில் பார்ப்பது. காய்ச்சலோடு வருபவருக்கு நம் வைத்தியசாலைகளில் இன்றும் செய்யும் இரத்தப் பரிசோதனை போன்றதுதான் இது. கடைசி நாள் வரை ஒரு ஒட்டுண்ணியும் கிடைக்காவிட்டால் அந்தச் சுண்டெலி முழுமையாகக் காக்கப்பட்டது. இங்கே விடை ஆம் அல்லது இல்லை. சதவீதம் என்பது எத்தனை சுண்டெலிகள் தப்பின என்பதைத்தான் சொல்லும்.

தப்பாத சுண்டெலிகளிலும் ஒரு தகவல் ஒளிந்திருக்கிறது. பேர்கை இரத்தத்தில் ஒரு நாளைக்கு ஏறத்தாழ பத்து மடங்காகப் பெருகும். ஆகவே கட்டுப்பாட்டுக் குழுவில் நான்காம் நாள் தெரிந்த ஒட்டுண்ணி, பிறபொருளெதிரி பெற்ற சுண்டெலியில் ஐந்தாம் நாள்தான் தெரிந்தால், ஈரலில் இருந்து வெளிவந்தவை ஏறத்தாழ பத்தில் ஒரு பங்காகக் குறைந்திருக்கின்றன என்று கணக்கிடலாம். இரண்டு நாள் பிந்தினால் நூறில் ஒரு பங்கு. ஆய்வுக் கட்டுரைகளில் "ஒரு நாள் தாமதம்" என்று சாதாரணமாக எழுதப்பட்டிருப்பது உண்மையில் தொண்ணூறு சதவீதக் குறைப்பு. ஆனாலும் அந்தச் சுண்டெலிக்கு மலேரியா வந்ததுதான்! கேள்வியைக் கொஞ்சம் மாற்றிக் கேட்டால் ஒரே முடிவு பெரும் வெற்றியாகவும் தெரியும், முழுத் தோல்வியாகவும் தெரியும்.

சுண்டெலி இனத்தையும் மறக்கக் கூடாது. ஆய்வுகூடங்களில் அதிகம் பாவிக்கப்படும் இரண்டு இனங்களில் பால்ப்-சி வகை பேர்கை ஸ்போரோசொயிட்டுக்கு எளிதில் மசியாது. சி57பிளக்-6 வகைக்குச் சில ஸ்போரோசொயிட்டே போதும். முதலாவதில் கிடைத்த பாதுகாப்பு இரண்டாவதில் கரைந்துபோகலாம்.

மனித ஈரல் சுமக்கும் சுண்டெலி

மேலாடை மாற்றிய எலி மலேரியா எவ்வளவு கெட்டித்தனமான வழியானாலும், அது பல்சிபாரம் ஆகாது. உண்மையான பல்சிபாரத்தை வைத்துப் பார்க்க வேண்டுமானால் மனித ஈரல் கலங்கள் வேண்டும். அதற்காக உருவாக்கப்பட்ட ஒரு வகைச் சுண்டெலிக்கு இரண்டு மாற்றங்கள் உண்டு. அதற்குச் சொந்தமாக நோயெதிர்ப்புக் கலங்கள் இல்லை என்பதால் மனிதக் கலங்களை உதறித் தள்ளாது. அதன் ஈரலோ ஒரு மருந்தின் துணையில்லாமல் நிலைக்காது. மனித ஈரல் கலங்களை ஏற்றிவிட்டு அந்த மருந்தை நிறுத்தினால், எலியின் ஈரல் கலங்கள் மடிய, மனிதக் கலங்கள் அந்த இடத்தைப் பிடிக்கின்றன.

இந்தச் சுண்டெலியைப் பல்சிபாரம் உள்ள நுளம்பு கடித்தால் ஒட்டுண்ணி ஈரலில் மனிதரில் வளர்வதைப் போலவே வளரும். ஆறாம் நாள் அளவில் மனிதச் செங்குழியங்களையும் ஏற்றினால், ஈரலை விட்டு வெளியே வரும் ஒட்டுண்ணிகள் அவற்றுக்குள் புகும். பிறகு மரபணுச் சோதனையால் இரத்தத்தில் ஒட்டுண்ணி இருக்கிறதா என்று பார்க்கலாம். செலவு கண்ணைக் கட்டும், வேலையும் அதிகம். ஆகவே நூறு பிறபொருளெதிரிகளைச் சலிக்க எலி மலேரியா, மிஞ்சிய நாலைந்தை உறுதிப்படுத்த இந்தச் சுண்டெலி என்பதே நடைமுறை.

இந்த வரிசை முழுவதையும் கடந்து வந்தது சிஐஎஸ்43 என்ற பிறபொருளெதிரி. கதிர்வீச்சால் பலவீனப்படுத்திய ஸ்போரோசொயிட்டுகளைத் தடுப்பூசியாகப் பெற்ற ஒரு தன்னார்வலரின் இரத்தத்திலிருந்து அது பிரித்தெடுக்கப்பட்டது. மேலாடை மாற்றிய பேர்கையிலும், மனித ஈரல் சுமந்த சுண்டெலியிலும் அது நன்றாகக் காத்தது என்பதை 2018இல் வெளியிட்டார்கள். 2021இல் முதல் மனிதச் சோதனை: பிறபொருளெதிரி பெற்று, பின் தொற்றுள்ள நுளம்புகளிடம் கடி வாங்கிய ஒன்பது பேரில் ஒருவருக்கும் மலேரியா வரவில்லை, பெறாத ஆறு பேரில் ஐந்து பேருக்கு வந்தது. (எல்லோருக்கும் உடனே மருந்து கொடுத்துக் குணப்படுத்திவிடுவார்கள்.) 2022இல் மாலி நாட்டுக் கிராமங்களில், ஆறு மாத மலேரியாப் பருவம் முழுவதும் வளர்ந்தவர்களைப் பின்தொடர்ந்தபோது, கிலோவுக்கு 40 மில்லிகிராம் பெற்றவர்களில் பாதுகாப்பு 88.2 சதவீதம். கிலோவுக்கு 10 மில்லிகிராம் பெற்றவர்களில் 75 சதவீதம். சுண்டெலிகளில் இதைவிடக் குறைந்த அளவிலேயே வேலை செய்த எல்9 என்ற இன்னொன்று பின்னாலேயே வந்தது. அதைப் பெற்ற 17 பேரில் 15 பேர் நுளம்புக் கடிக்குப் பின்னும் தப்பினார்கள். பெறாத ஆறு பேருக்கும் தொற்று வந்தது. சுண்டெலியில் காத்தவை மனிதரிலும் காத்ததற்கு நல்ல உதாரணம் இது.

ஆனால் சாதாரணச் சுண்டெலி சொல்லாத ஒன்று உண்டு: பிறபொருளெதிரி உடலில் எத்தனை நாள் தங்கும்? நம் இரத்தத்தில் சாதாரணமான ஒன்று ஏறத்தாழ மூன்று வாரத்தில் பாதியாகும். மேலே சொன்ன இரண்டிலும் வால் பகுதியில் இரண்டு அமினோ அமிலங்களை மாற்றி, அந்தக் காலத்தை 56 நாள் அளவுக்கு நீட்டினார்கள். அந்த மாற்றம் வேலை செய்வது மனித உடலில் உள்ள ஒரு ஏற்பியின் (பிறபொருளெதிரியைப் பிடித்துக்கொள்ளும் கலப் புரதத்தின்) உதவியால். சுண்டெலியின் ஏற்பி மனிதப் பிறபொருளெதிரியை வேறு விதமாகப் பிடிக்கும். போதாக்குறைக்கு, வாரங்கள் போகப் போகச் சுண்டெலியின் உடல் மனிதப் பிறபொருளெதிரியையே வேற்றுப் பொருளாகக் கண்டு அழிக்கத் தொடங்கிவிடும். ஆகவே சுண்டெலிச் சோதனையில் பொதுவாக ஒருசில மணித்தியாலத்திலோ ஒரு நாளிலோ தொற்றைக் கொடுத்து விடுகிறார்கள். அதிலிருந்து "ஆறு மாதம் காக்கும்" என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

குரங்குகளின் பங்கு

இரத்தக் கட்டத்தில் ஒட்டுண்ணியைத் தாக்கும் பிறபொருளெதிரிகளுக்குத் தென் அமெரிக்காவின் இராக் குரங்கான ஏயோட்டஸ் உதவுகிறது. பல்சிபாரம் அதன் இரத்தத்தில் வளரும், சில வேளை மண்ணீரலை அகற்ற வேண்டி வந்தாலும். ஒட்டுண்ணியின் ஆர்எச்5 என்ற புரதத்துக்கு எதிரான தடுப்பூசி இந்தக் குரங்குகளைக் காத்ததாக 2015இல் வெளிவந்தது. பெரிய நம்பிக்கை பிறந்தது. பின்னர் மனிதரில் தொற்றைக் கொடுத்துப் பார்த்தபோது ஒட்டுண்ணியின் பெருக்கம் மெதுவானது. ஆனால் தொற்று முற்றாக நிற்கவில்லை. குரங்கு மனிதருக்கு நெருங்கிய உறவு என்பதால் அதன் விடையே கடைசி விடை ஆகிவிடாது.

நுளம்பின் வயிற்றில் ஒட்டுண்ணியைத் தடுக்கும் பிறபொருளெதிரிகளைப் பற்றி இலங்கையிலேயே முக்கியமான ஆய்வுகள் நடந்தன. 1980களில் கொழும்புப் பல்கலைக்கழகத்தில் கமினி மெண்டிஸ் குழுவினர், வைவக்ஸ் என்ற இன்னொரு வகை மலேரியா வந்தவர்களின் இரத்தத்தை ஒரு மெல்லிய சவ்வு வழியே நுளம்புக்குக் குடிக்கக் கொடுத்துப் பார்த்தார்கள். நோயாளியின் இரத்தத்திலுள்ள பிறபொருளெதிரிகள் நுளம்புக்குள் ஒட்டுண்ணியை வளரவிடாமல் தடுப்பதை அவர்கள் காட்டினார்கள். இதில் விலங்கு என்று சொல்லப் போனால் நுளம்பு மட்டும்தான். விலங்குகளை வைத்து ஆய்வு செய்வதில் எனக்கும் மனச்சங்கடம் உண்டு. விலங்கைத் தவிர்க்க முடிந்தால் தவிர், எண்ணிக்கையைக் குறை, வேதனையைக் குறை என்று ரசல், பேர்ச் என்ற ஆய்வாளர்கள் 1959இல் வகுத்த மூன்று கட்டளைகள் ஆய்வுகூடங்கள் இன்றும் பின்பற்ற வேண்டியவை. சவ்வு வழிச் சோதனை அதில் முதலாவதுக்கு நல்ல எடுத்துக்காட்டு.

வைவக்ஸ்தான் நம் நாட்டில் நீண்ட காலம் அதிகம் இருந்த வகை. அதற்கென்று ஒரு கெட்ட குணம் உண்டு: ஈரலுக்குள் போனவற்றில் சில பெருகாமல் உறங்கிக் கிடந்து, மாதங்கள் கழித்து விழித்துக் காய்ச்சலைத் திரும்பக் கொண்டுவரும். எலி மலேரியாக்களுக்கு இந்த உறக்கம் கிடையாது. அதைப் பார்க்க வேண்டுமானால் குரங்குகளின் சைனோமோல்கை என்ற ஒட்டுண்ணிக்குத்தான் போக வேண்டும். அதன் ஒரு வகை இலங்கைச் செங்குரங்குகளின் இரத்தத்திலேயே இயற்கையாக இருப்பதை 1965இல் திசாநாயக்கவும் உடன் ஆய்வாளர்களும் விவரித்தார்கள். கன்னியாப் பக்கம் கூட்டமாக வந்து பையைப் பிடுங்கும் அதே குரங்கினம்தான்.

இந்தக் குரங்குகளில் ஒரு பிறபொருளெதிரியைச் சோதிப்பது சுண்டெலியைவிடப் பல மடங்கு பொறுமை கேட்கும் வேலை. பத்து நாள் பார்த்துவிட்டு இரத்தம் சுத்தமாக இருக்கிறது என்று முடிவு சொல்ல முடியாது. உறங்கும் ஒட்டுண்ணி ஒன்றாவது ஈரலில் இருந்தால் வாரங்கள் கழித்து அது எழும்பும். அதற்குள் ஏற்றிய பிறபொருளெதிரி இரத்தத்தில் குறைந்திருக்கும். குறையாமல் இருந்தாலும் ஈரல் கலத்துக்குள் கிடப்பதை அது தொட்டிருக்கவும் முடியாது. ஆகவே முதல் காய்ச்சலைத் தடுத்ததா, திரும்பி வந்ததைத் தடுத்ததா என்று இரண்டையும் தனித்தனியே எழுதி வைக்கிறார்கள். கடைசியில் இரத்தத்திலுள்ள ஒட்டுண்ணியை அழிக்கும் மருந்தோடு, உறங்குபவற்றை அழிக்கும் பிரிமாகுயினையும் கொடுத்துத்தான் குரங்கைக் குணப்படுத்துகிறார்கள்.